அனுப்புநர் பெயரை எவரும் எழுதலாம்: மின்னஞ்சல் பற்றி வாசகர் கேள்வி பதில்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன: தெரிந்த பெயரில் வரும் மின்னஞ்சலை நம்புவதா, விடுவதா? அவற்றில் ஏழு கேள்விகளை எடுத்திருக்கிறோம். எழுதியவர்களை அடையாளம் காட்டும் விபரங்களை நீக்கிவிட்டோம்.

என்னுடைய ஜிமெயில் முகவரியிலிருந்தே எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்து ஸ்பாம் பெட்டியில் கிடந்தது. ‘உன் கணினிக்குள் புகுந்துவிட்டேன், கமராவில் படம் பிடித்துவிட்டேன், 48 மணித்தியாலத்துக்குள் பிட்கொயினில் காசு அனுப்பாவிட்டால் எல்லோருக்கும் காட்டுவேன்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. நான் முன்பு பாவித்த பாஸ்வேர்ட் ஒன்றும் அதில் சரியாக இருக்கிறது. மூன்று நாளாக நித்திரை இல்லை.
(ஆசிரியை, கிளிநொச்சி)

காசு அனுப்ப வேண்டாம், பதிலும் எழுத வேண்டாம். உங்கள் கணினிக்குள் எவரும் புகுந்தார் என்பதற்கு இந்தக் கடிதம் சான்றே அல்ல. பெயரையும் பாஸ்வேர்டையும் மட்டும் மாற்றி, எண்ணற்றவர்களுக்கு ஒரேயடியாக அனுப்பப்படும் மிரட்டல் கடிதம் இது. இன்றிரவு நிம்மதியாக நித்திரை கொள்ளுங்கள்.

உங்கள் முகவரியிலிருந்தே எப்படி வந்தது? மின்னஞ்சலைச் சேர்வருக்குச் சேர்வர் (அஞ்சலைக் கையாளும் கணினிகள்) கடத்தும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறை 1982இல் எழுதப்பட்டது. பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் தங்களுக்குள் பாவித்த காலம் அது. அனுப்புபவர் தன் முகவரியை உண்மையாகத்தான் எழுதுகிறாரா என்று சோதிக்க அதில் வழி வைக்கப்படவில்லை. கடித உறையின் மூலையில் ‘அனுப்புநர்’ என்று எவர் பெயரை எழுதிப் பெட்டியில் போட்டாலும் தபாற்காரர் கொண்டுவந்து தருவார். ஆனால் எந்தத் தபாற்கந்தோரில் விழுந்தது என்பதை முத்திரை காட்டிவிடும். மின்னஞ்சலுக்கும் அப்படி ஒரு முத்திரை உண்டு.

அதைப் பார்க்கக் கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மின்னஞ்சலின் வலப்பக்க மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். மேலே ஒரு கட்டத்தில் எஸ்பிஎவ், டீகிம், டீமார்க் என மூன்று வரிகள் இருக்கும். கடிதம் உறையில் எழுதிய இடத்திலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் மூன்று சோதனைகளின் முடிவுகள் அவை. உண்மையில் உங்கள் ஜிமெயில் கணக்கிலிருந்து போனதாக இருந்தால் டீகிம் வரியில் பொதுவாக ‘பாஸ்’ என்றும் ஜிமெயிலின் டொமைன் பெயரும் (முகவரியில் @ குறிக்குப் பின்வரும் பகுதி) இருக்கும். அங்கே ‘பெயில்’ என்றோ, கேள்விப்படாத வேறொரு டொமைன் பெயரோ இருந்தால், வேறெங்கோ இருந்துகொண்டு உறையில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறார்கள். கட்டத்தின் கீழே, கடிதம் கடந்துவந்த சேர்வர்களைக் காட்டும் ‘ரிசீவ்ட்’ வரிகளை வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவை கீழிருந்து மேலாக அடுக்கப்பட்டவை. கீழே உள்ளவற்றை மோசடிக்காரரே பொய்யாகச் சேர்த்திருக்கலாம். உங்கள் அஞ்சல் சேவையே பதிந்த மேல் வரிகளைத்தான் நம்பலாம்.

பாஸ்வேர்ட் விடயம் வேறு. நீங்கள் எப்போதோ கணக்குத் திறந்த ஏதோவொரு இணையத்தளத்திலிருந்து களவுபோன பட்டியலில் உங்கள் முகவரியும் பாஸ்வேர்டும் சோடியாக இருந்திருக்கும். ட்ரோய் ஹன்ட் என்ற அவுஸ்திரேலியப் பாதுகாப்பு வல்லுநர் 2013 முதல் நடத்திவரும் ‘ஹாவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், எந்தெந்தக் கசிவுகளில் அது அகப்பட்டிருக்கிறது என்று காட்டும். அங்கே முகவரி மட்டும் போதும். அந்தப் பழைய பாஸ்வேர்டை இன்னும் எங்காவது பாவிக்கிறீர்கள் என்றால் இன்றைக்கே மாற்றுங்கள். உண்மையான ஆபத்து அதில்தான் இருக்கிறது.

மன ஆறுதலுக்கு ஜிமெயிலில் மூன்று இடங்களைப் பார்த்துவிடுங்கள். கணினித் திரையில் இன்பொக்ஸின் கீழ் வலது மூலையிலுள்ள ‘டீடெய்ல்ஸ்’, அண்மையில் எந்தக் கருவியிலிருந்து, எந்த இடத்திலிருந்து கணக்குத் திறக்கப்பட்டது என்று சொல்லும். செட்டிங்ஸில், வரும் கடிதங்களை வேறு முகவரிக்குத் திருப்பும் ‘போர்வேடிங்’ பகுதியில் உங்களுக்குத் தெரியாத முகவரி இருக்கக்கூடாது. கடிதங்களைத் தானாகப் பிரிக்கும் ‘பில்டர்ஸ்’ பகுதியில் நீங்கள் போடாத கட்டளை எதுவும் இருக்கக்கூடாது.

எங்கள் பாடசாலைக் கூரை வேலைக்குக் கனடாவிலும் லண்டனிலும் உள்ள பழைய மாணவர்கள் காசு சேர்த்தார்கள். அனுப்பும் நேரத்தில் அதிபரின் பெயரில் ஒரு மின்னஞ்சல்: ‘சங்கக் கணக்கில் கணக்காய்வு நடக்கிறது, இந்தப் புதிய இலக்கத்துக்கு அனுப்புங்கள், நான் கூட்டத்தில் இருக்கிறேன், கோல் எடுக்க வேண்டாம்.’ முன்பு நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதும் அதன் கீழே அப்படியே இருந்தது. சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டோம். எங்கள் கடிதங்கள் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தன?
(பழைய மாணவர் சங்கச் செயலாளர், புதுக்குடியிருப்பு)

நிறுத்தியது மிகச் சரி. ‘கோல் எடுக்க வேண்டாம்’ என்ற வரிதான் இந்த மோசடியின் ஆணிவேர். குரலைக் கேட்டால் பொய் அந்த நிமிடமே உடைந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இவ்வகைக் கடிதம் மூன்று வழிகளில் வரும். எது நடந்தது என்று அறிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று விளங்கும்.

முதலாவது, பெயர் மட்டும் அதிபருடையது, முகவரி வேறு. போனில் மின்னஞ்சலைத் திறந்தால் பெயர்தான் பெரிதாகத் தெரியும். பெயரைத் தொட்டால்தான் முகவரி வெளியே வரும். சில வேளை முகவரியும் சரியாக இருக்கும், ஆனால் ‘ரிப்ளை டு’ என்ற இடத்தில் வேறு முகவரி ஒளிந்திருக்கும். நீங்கள் அதிபருக்குப் பதில் எழுதுவதாக நினைத்து மோசடிக்காரருக்கு எழுதிக்கொண்டிருப்பீர்கள். ரிப்ளையை அழுத்தியவுடன் ‘டு’ கட்டத்தில் விழும் முகவரியை எழுத்தெழுத்தாக வாசிக்கும் பழக்கம் வேண்டும்.

இரண்டாவது, ஒத்த தோற்றமுள்ள முகவரி. ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டையும் நெருக்கி எழுதினால் சிறிய எம் போலத் தெரியும். சிறிய எல்லுக்குப் பதில் ஒன்று, ஓவுக்குப் பதில் பூச்சியம், நடுவில் ஒரு சிறு கோடு. கண்ணாடி போட்டாலும் போன் திரையில் பிடிபடாது. முகவரியைப் பிரதி எடுத்து, பழைய உண்மையான முகவரியின் கீழே ஒட்டி, எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இந்த வகைக்கு எஸ்பிஎவ், டீகிம், டீமார்க் மூன்றும் ‘பாஸ்’ என்றே காட்டலாம். அந்தப் போலி டொமைனைப் பதிந்தவர் மோசடிக்காரர். அதற்கு அவரே முறையாக முத்திரை குத்தியிருப்பார். மூன்றும் பாஸ் என்றால் உறையில் எழுதிய டொமைனிலிருந்தே வந்தது என்றுதான் பொருள். அந்த டொமைன் யாருடையது, அவர் நல்லவரா என்பதற்கு அது உத்தரவாதம் தராது.

மூன்றாவது, உண்மையான கணக்கே பிடிபட்டிருப்பது. பழைய கடிதங்கள் முழுவதும் கீழே இருந்தன என்கிறீர்கள். ஆகவே அந்தக் கடிதப் போக்குவரத்தில் இருந்த யாரோ ஒருவரின் பெட்டிக்குள் ஆள் நுழைந்திருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். அது அதிபராகவும் இருக்கலாம், செயலாளராகவும் இருக்கலாம், ரொறன்ரோவில் உள்ள பொருளாளராகவும் இருக்கலாம். இப்படி நுழைபவர்கள் உடனே எதையும் குழப்பமாட்டார்கள். ‘வங்கி’, ‘கணக்கு’ போன்ற சொற்கள் உள்ள கடிதங்களைத் தமக்கு அனுப்பவோ, இன்பொக்ஸில் தெரியாமல் மறைக்கவோ ஒரு பில்டரைப் போட்டுவிட்டு, காசு புறப்படும் நாளுக்காகக் கிழமைக்கணக்கில் காத்திருப்பார்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த பில்டர் அழியாது. ஆகவே அந்தக் கடிதங்களில் பெயருள்ள அனைவரும் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, முதற் பதிலில் சொன்ன மூன்று இடங்களையும் பார்க்க வேண்டும். செட்டிங்ஸில் ‘அக்கவுண்ட்ஸ்’ பகுதியில் வேறொருவருக்கு உங்கள் பெட்டியைத் திறக்க அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனிமேலுக்கு ஒரு நடைமுறையைச் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாகவே எழுதிவையுங்கள். கணக்கு இலக்கத்தைத் தொடக்கத்திலேயே வீடியோ கோலில் வாசித்து, இரு பக்கமும் எழுதிக்கொள்ள வேண்டும். மாற்றம் என்று எந்த வழியில் வந்தாலும், ஏற்கெனவே உங்கள் போனில் பதிந்துள்ள இலக்கத்துக்கு அழைத்து, குறைந்தது இரண்டு பேர் குரலால் உறுதிசெய்ய வேண்டும். அந்த மின்னஞ்சலில் தரப்பட்ட தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்பதில் பயனில்லை. வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கப் படம் வந்தது என்பதையும் சான்றாக எடுக்காதீர்கள், படத்தில் இலக்கத்தை மாற்றுவது சில நிமிட வேலை. பெயர் பொருந்தாவிட்டால் வங்கி தடுத்துவிடும் என்றும் நம்பியிருக்க வேண்டாம்.

வேறு சங்கங்களில் காசு போய்விட்டிருந்தால், முதல் அழைப்பு காசை அனுப்பிய வங்கிக்கு. ‘மோசடி, பணத்தைத் திருப்பி அழையுங்கள்’ என்று சொல்லி முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். மணித்தியாலங்கள் கணக்கு. நாளைக்குப் பார்ப்போம் என்றால் காசு அடுத்த கணக்குக்குத் தாவிவிடும். பிறகு இங்கே பொலிஸிலும், 2006இல் தொடங்கப்பட்ட, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்திலும், கனடாவிலிருந்து அனுப்பியிருந்தால் அங்குள்ள மோசடி எதிர்ப்பு மையத்திலும் முறையிடலாம். இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது. சான்றுக்கு ஸ்கிரீன்ஷொட் மட்டும் போதாது. அந்த மின்னஞ்சலை போர்வேட் செய்தாலும் முத்திரை வரிகள் போய்விடும். மூன்று புள்ளிகளில் ‘டவுன்லோட் மெசேஜ்’ கொடுத்து வரும் கோப்பை அப்படியே பென் டிரைவில் வைத்திருங்கள்.

நான் அனுப்பாத மின்னஞ்சல்கள் ‘டெலிவரி பெயில்’ என்று நூற்றுக்கணக்கில் எனக்குத் திரும்பி வருகின்றன.
(வாசகர், செட்டிகுளம்)

யாரோ உங்கள் முகவரியை அனுப்புநராக எழுதிக் குப்பை அஞ்சல் அனுப்புகிறார். இல்லாத முகவரிகளுக்குப் போனவை உங்களிடம் திரும்புகின்றன. ‘சென்ட்’ பெட்டியைப் பாருங்கள். அந்தக் கடிதங்கள் அங்கே இல்லை, ‘டீடெய்ல்ஸில்’ அந்நியக் கருவியும் இல்லை என்றால் உங்கள் கணக்கு பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கிறது. சென்ட் பெட்டியில் இருந்தால் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். திரும்பி வருபவை பெரும்பாலும் சில நாட்களில் ஓய்ந்துவிடும். அவற்றில் இணைத்திருக்கும் கோப்புகளைத் திறக்காதீர்கள்.

பனம்பொருள் உற்பத்தி செய்யும் எங்கள் பெண்கள் சங்கத்துக்கு டொட் எல்கே டொமைனும் இணையத்தளமும் உண்டு. மின்னஞ்சல், நிறுவனங்களுக்கான கூகுள் வேர்க்ஸ்பேஸ் சேவையில். கொழும்பு, ஜேர்மனி வாங்குநர்களுக்கு எங்கள் விலைப்பட்டியல் ஸ்பாமில் விழுகிறது. போதாக்குறைக்கு எங்கள் பெயரில் ஒரு பொய் விலைச்சிட்டையும் ஒருவருக்குப் போயிருக்கிறது.
(பூநகரி)

இரண்டு குறைக்கும் ஒரே மருந்து. உங்கள் டொமைனின் டிஎன்எஸ்ஸில் (டொமைன் பற்றிய விபரங்களை இணையத்துக்கு அறிவிக்கும் பதிவேடு) மூன்று பதிவுகள் வேண்டும். இணையத்தளம் செய்தவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டி, பக்கத்தில் இருந்து செய்விக்கலாம். 2024 பெப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் எல்லா அனுப்புநரிடமும் எஸ்பிஎவ் அல்லது டீகிம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்கின்றன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5000இற்கு மேல் அனுப்புபவர்களுக்கு மூன்றும் கட்டாயம். நீங்கள் ஐம்பதுதான் அனுப்பினாலும் மூன்றையும் போடுங்கள்.

முதலில் டிஎன்எஸ் எங்கே இருக்கிறது என்று அறியுங்கள். டொமைனை ஓரிடத்தில் பதிந்து, நேம்சேர்வரை (அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் சேர்வர்) இணையத்தளத்தை வைத்திருக்கும் ஹொஸ்டிங் கொம்பனிக்குத் திருப்பியிருந்தால், பதிந்த இடத்தில் எவ்வளவு மாற்றினாலும் வேலை செய்யாது. நேம்சேர்வர் இருக்கும் இடத்தில்தான் மாற்ற வேண்டும். இந்த இடத்தில் நாட்கணக்காகத் தடுமாறுபவர்கள் பலர்.

எஸ்பிஎவ் என்பது ‘எங்கள் பெயரில் கடிதம் போட இந்தச் சேர்வர்களுக்கு மட்டுமே அனுமதி’ என்ற அறிவித்தல். டெக்ஸ்ட் வகைப் பதிவாக, கூகுள் தரும் வரியை அப்படியே ஒட்டுங்கள். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎவ் பதிவு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். ஹொஸ்டிங் கொம்பனி ஏற்கெனவே போட்டது கிடக்க, இன்னொன்றைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது. இரண்டையும் ஒரே வரியாக இணைக்க வேண்டும். அந்த வரி வேறு டிஎன்எஸ் பதிவுகளைத் தேடிப் போவது பத்துத் தடவைக்கு மேற்படவும் கூடாது.

டீகிம் ஒவ்வொரு கடிதத்துக்கும் இரகசியத் திறவுகோலால் கையொப்பமிடுவது. அதைச் சரிபார்க்கும் பொதுத் திறவுகோல் டிஎன்எஸ்ஸில் இருக்கும். வேர்க்ஸ்பேஸ் நிர்வாகப் பக்கத்தில் ஜிமெயில் பகுதிக்குள் ‘ஒதென்டிகேட் ஈமெயில்’ என்ற இடத்தில் 2048 பிட் திறவுகோலை உருவாக்கி, அது தரும் பெயரையும் பெறுமதியையும் டெக்ஸ்ட் பதிவாகப் போடுங்கள். அது 255 எழுத்தைத் தாண்டுவதால் சில ஹொஸ்டிங் பலகைகள் ஏற்காது. அப்போது மேற்கோள் குறிக்குள் இரண்டு துண்டாகப் பிரித்துப் போட வேண்டும். நடுவில் ஒரு எழுத்து விடுபட்டாலும் கையொப்பம் பொருந்தாது. பரவ 48 மணித்தியாலம் வரை எடுக்கலாம். பிறகு அதே பக்கத்துக்குத் திரும்பிப் போய் ‘ஸ்டார்ட் ஒதென்டிகேஷன்’ பொத்தானை அழுத்த வேண்டும். இந்தக் கடைசி அழுத்தலை மறந்தால் பதிவு மட்டும் இருக்கும், கையொப்பம் இராது.

மூன்றாவது டீமார்க். மேலே உள்ள இரண்டில் ஒன்றாவது, கடிதத்தில் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் டொமைனோடு பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்லும் கட்டளை இது. எடுத்தவுடன் ‘ரிஜெக்ட்’ போட்டுவிடாதீர்கள், உங்கள் சொந்தக் கடிதங்களே நின்றுபோகலாம். முதலில் ‘நன்’ (எதுவும் செய்யாதே) என்று போட்டு, அறிக்கை வந்துசேர ஒரு முகவரியும் கொடுங்கள். பெரிய அஞ்சல் சேவைகள் நாளாந்தம் அறிக்கை அனுப்பும். மூன்று நான்கு கிழமை அவற்றைப் பார்த்து, உங்கள் பெயரில் எந்தெந்தச் சேர்வர் அனுப்புகிறது என்று கண்டுபிடியுங்கள். விலைச்சிட்டை மென்பொருள், இணையத்தளத்தின் தொடர்புப் படிவம் இரண்டும் அங்கேதான் வெளிப்படும். அவற்றைச் சீராக்கியபின் ‘குவாரன்டீன்’ (ஸ்பாமில் ஒதுக்கு), இன்னும் சில கிழமை குழப்பமில்லை என்றால் ‘ரிஜெக்ட்’. அதன்பின் உங்கள் டொமைனை அப்படியே எழுதி வரும் பொய் விலைச்சிட்டையை ஜிமெயில் போன்ற சேவைகள் வாசலிலேயே திருப்பிவிடும்.

தொடர்புப் படிவத்தில் ஒரு பிழை எங்கும் காணக்கிடைக்கிறது. படிவத்தை நிரப்பும் வாடிக்கையாளரின் முகவரியையே அனுப்புநராகப் போட்டுவிடுகிறார்கள். அவர் டொமைனில் டீமார்க் இறுக்கமாக இருந்தால் ஓடர் உங்களுக்கு வந்தே சேராது. அனுப்புநராக உங்கள் முகவரியும், ‘ரிப்ளை டு’வில் அவர் முகவரியும் இருக்கச் செய்யுங்கள்.

ஒத்த தோற்றமுள்ள வேறு டொமைனை ஒருவர் பதிந்து எழுதினால் டீமார்க்கால் தடுக்க முடியாது. ஆகவே விலைச்சிட்டையின் அடியில் ‘எமது வங்கிக் கணக்கு மாறினால் தொலைபேசியில் மட்டுமே அறிவிப்போம்’ என்று நிரந்தரமாக அச்சிட்டு வையுங்கள்.

என்னிடம் போன் மட்டும்தான். கணினி இல்லாமல் எப்படிச் சோதிப்பது?
(மாணவர், மல்லாவி)

ஜிமெயில் செயலியில் அனுப்புநர் பெயரின் கீழ் ‘டு மீ’ என்பதன் அருகிலுள்ள சிறு அம்புக்குறியைத் தொடுங்கள். முகவரி முழுமையாகத் தெரியும். அங்கிருந்து பாதுகாப்பு விபரங்களைத் திறந்தால் ‘மெயில்ட் பை’, ‘சைன்ட் பை’ என்பவற்றுக்கு எதிரே டொமைன் பெயர் இருக்கும். வங்கிப் பெயரில் வந்த கடிதத்தில் ‘சைன்ட் பை’ வரியே இல்லையென்றால், அல்லது தொடர்பில்லாத பெயர் இருந்தால், லிங்கைத் தொடாதீர்கள். லிங்க் எங்கே போகிறது என்று பார்க்க அதை அழுத்திப் பிடியுங்கள், திறக்காமலே முகவரி காட்டும். வங்கியோடு வேலை இருந்தால் வங்கியின் செயலியை நேரே திறவுங்கள்.

குப்பை மின்னஞ்சலில் ‘அன்சப்ஸ்கிரைப்’ அழுத்தலாமா? புளொக் பண்ணியும் வருகிறது.
(வவுனியா)

நீங்களே ஒருகாலம் பதிந்த கடை, பத்திரிகை என்றால் அழுத்தலாம். அறியாத இடத்திலிருந்து வந்ததில் அழுத்தினால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று நீங்களே சொன்னதாகிவிடும். ‘ரிப்போர்ட் ஸ்பாம்’ கொடுங்கள். புளொக் பண்ணுவது ஒரு முகவரியை மட்டுமே தடுக்கும். மோசடிக்காரர் ஒவ்வொரு முறையும் வேறு முகவரி எழுதுவதால் அதில் பயன் குறைவு. ஜிமெயிலின் ஸ்பாம் பெட்டி 30 நாளில் தானாக அழியும், ஆகவே கிழமைக்கு ஒருமுறை எட்டிப்பாருங்கள். நேர்முகத் தேர்வு அழைப்பு ஒன்று அங்கே சிக்கிக் கிடக்கலாம்.

வெளிநாட்டு வேலை என்று பதிவுக் கட்டணம் கேட்டு வரும் கடிதங்களைப் பற்றியும் துணுக்காயிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். முகவர் உரிமம் பெற்றவரா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேட்டறியலாம். காசு கட்டும் முன் அந்த அழைப்பை எடுங்கள்.

இரு படிச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்பது) போடச் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் சிக்னல் கிடைப்பதே அரிது, குறுஞ்செய்தி வராவிட்டால் கணக்குப் பூட்டிக்கொள்ளாதா?
(கொக்குத்தொடுவாய்)

குறுஞ்செய்தியை மட்டும் நம்பினால் அப்படி ஆகலாம். கூகுள் ஒதென்டிகேற்றர் போன்ற செயலியை நிறுவுங்கள். அது சிக்னலும் டேட்டாவும் இல்லாமலே 30 செக்கனுக்கு ஒருமுறை ஆறு இலக்கக் குறியீட்டைத் தரும். போனின் நேரம் தானாகச் சரிசெய்யும்படி விடப்பட்டிருக்க வேண்டும், கடிகாரம் பிந்தினால் குறியீடு ஏற்கப்படாது. கூடவே கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் ‘பக்கப் கோட்ஸ்’ எடுங்கள். எட்டு இலக்கத்தில் பத்துக் குறியீடுகள் தரும், ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். அவற்றைப் போனிலேயே படமாக வைத்தால் போன் தொலையும் நாளில் உதவாது. தாளில் எழுதி, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வைத்திருக்கும் உறைக்குள் போடுங்கள். மீட்பு இலக்கமாக நீங்கள் கைவிட்ட பழைய சிம் கிடந்தால் அதை இப்போதே நீக்கிவிடுங்கள். அந்த இலக்கம் பின்னர் வேறொருவர் கைக்குப் போகக்கூடும்.